கூலியும் கருப்பையும்

பெண்ணின் கையில் நாலு காசு சேருமானால் அவளது உடல்நலமும் தானே சீர்படும் என்ற கருத்து இன்று வளர்ச்சித் திட்டங்களின் மூலமந்திரமாகிவிட்டது. மகப்பேற்று நலம், கருத்தடை, பால்வினை நோய்த் தடுப்பு ஆகிய துறைகளில் பல்லாண்டுகளாக அறிவுரையும் துண்டுப்பிரசுரமும் வழங்கி ஓய்ந்தவர்கள், அறிவுரை மட்டும் போதாது, பொருளாதார வலிமையும் வேண்டும் என்னும் முடிவுக்கு வந்திருக்கின்றனர். சிறுகடன், சேமிப்புக் குழு, நேரடிப் பணவுதவி, கைத்தொழிற் பயிற்சி என அம்முடிவு பல வடிவங்களில் செயலுருப் பெற்று வருகிறது.

இக்கருத்தை எடுத்த எடுப்பிலேயே எள்ளி ஒதுக்குவது முற்போக்காளருக்கு அழகன்று. சோற்றுக்குக் கணவனையே நம்பியிருக்கும் பெண், அவனது விருப்பத்திற்கு மாறாக ஒரு சொல் சொல்லவும் அஞ்சுவாள் என்பது நமக்குப் புதிய உண்மையன்று. வாழ்நிலையே சிந்தனையையும் துணிவையும் நிர்ணயிக்கிறது என்று நெடுங்காலமாகக் கூறி வருபவர்கள் நாமே. அனுபவச் சான்றுகளும் இல்லாமலில்லை. தென்னாபிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்துக் கிராமங்களில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு முயற்சியில், ஏழைப் பெண்களுக்குச் சிறுகடனோடு ஆண்-பெண் உறவு, வன்முறை, எயிட்ஸ் நோய் பற்றிய கூட்டுக் கலந்துரையாடலும் வழங்கப்பட்டது. பங்குபற்றிய பெண்கள் துணைவரிடம் பட்ட வன்முறை பாதிக்கும் மேலாகக் குறைந்ததென 2006இல் வெளியான முடிவுகள் காட்டின. மலாவி நாட்டின் சோம்பா மாவட்டத்தில், பள்ளி செல்லும் இளம் பெண்களுக்குப் பணவுதவி அளித்தபோது அவர்களிடையே எயிட்ஸ் கிருமித் தொற்று குறைவாயிருந்ததை 2012இல் வெளிவந்த ஆய்வு எடுத்துரைத்தது.

ஆயினும் இச்சான்றுகளை ஊன்றிப் படிப்போர்க்கு வேறொன்றும் புலப்படும். லிம்போப்போவில் வன்முறை குறைந்ததேயன்றி, அச்சமூகத்தில் நோய்த் தொற்றின் வேகம் குறையவில்லை. அங்கும் பலன் தந்தது கடன் தனித்து நின்றதன்று; பெண்கள் கூடிப் பேசியதும் அதனுடன் சேர்ந்திருந்தது. வங்காளதேசத்தில் கிராமீன் வங்கியின் கடனாளிகளான பெண்களிடையே கருத்தடைப் பயன்பாடு மிகுந்திருந்ததை 1994ஆம் ஆண்டு ஆய்வொன்று கண்டது. இரண்டாண்டுகளின் பின் வெளியான மற்றொரு ஆய்வோ, பெண்களின் பெயரில் வழங்கப்பட்ட கடனின் பெரும்பகுதியை ஆண்களே கையாண்டனர் என்ற உண்மையை வெளிப்படுத்தியது. ஆகவே பணம் பெண்ணின் பெயரில் வருவது ஒன்று, அது அவளது அதிகாரமாக மாறுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு நாம் ஆபிரிக்காவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. தலவாக்கலைக்கும் கொத்மலைக்கும் இடைப்பட்ட மலைமடிப்பில், பூண்டுலோயாவைச் சூழ்ந்து பச்சைக் கம்பளம் விரித்தாற்போற் கிடக்கின்றனவே தேயிலைத் தோட்டங்கள், அவற்றைப் பார்த்தாலே போதும். டன்சினன் நீர்வீழ்ச்சியைக் காண வரும் உல்லாசப் பயணி, மலைச்சரிவில் கூடை சுமந்து நிற்கும் பெண்களையும் காட்சியின் ஓர் அங்கமாகவே புகைப்படம் எடுத்துச் செல்கிறான். அப்பெண்கள் யார்? இலங்கையின் மிகப் பழைய கூலி உழைப்பாளிப் பெண் கூட்டத்தின் வழித்தோன்றல்கள் அவர்கள். கோப்பி அழிந்து தேயிலை தழைத்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, தலைமுறை தலைமுறையாகத் தம் பெயரிலே கூலி பெற்று வருபவர்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நடுத்தர வர்க்கப் பெண்கள் சம்பளத்துக்கு வேலை செய்வதா என்று விவாதம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, இவர்கள் விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் நின்றவர்கள்.

வருமானம் தானே விடுதலை தருமென்பது மெய்யானால், இந்நாட்டிலேயே தம் உடல்மீது மிகுந்த உரிமையும் நலமும் பெற்றவர்கள் தோட்டத்துப் பெண்களாகவே இருத்தல் வேண்டும். நடைமுறையோ இதற்கு நேர்மாறானது. இலங்கையின் தாய்சேய் நலம் தெற்காசியாவுக்கே முன்மாதிரி என்று புகழப்படுகிறது, அப்புகழ் பொய்யன்று. ஆனால் அதே நாட்டின் புள்ளிவிவரங்களில், நிறை குறைந்து பிறக்கும் சிசுக்களும் இரத்தசோகையுற்ற தாய்மாரும் மிகுந்த பகுதியாகப் பெருந்தோட்டத் துறையே நெடுங்காலம் இடம்பெற்று வந்திருக்கிறது. மகப்பேற்று மரணமும் அங்கே நீண்டகாலம் நாட்டின் சராசரியை விஞ்சியே நின்றது. கூலி இருந்தது, நலம் வரவில்லை. ஏன்?

முதற்கண், அந்தக் கூலி யாருடையது என்று கேட்க வேண்டும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தேயிலையின் உயிர்நாடியான கொழுந்தைப் பறிப்பவள் பெண். ஆனால் சட்டமே அவளை முக்கால் மனிதப்பிறவியாக விலைமதித்தது. இவ்வேறுபாடு ஒழிந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைத்தது 1984இலே தான். அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வநீதிக்கு எதிராகப் போராடி வென்ற தொழிலாளரை நாம் போற்றுகிறோம். எனினும் சமகூலி வந்த பின்னரும் கேள்வி எஞ்சியே நிற்கிறது.

சர்வதேச தொழிலாளர் தாபனத்துக்காக ரேச்சல் குரியன் எழுதி 1982இல் வெளியான ஆய்வு, தோட்டத்துப் பெண்ணின் கூலியைக் கணவனோ தகப்பனோ சென்று வாங்கிவரும் வழக்கத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. சம்பள நாளில் அவள் மலையிலே கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். ஆண்களின் வேலை நண்பகலோடு முடிந்துவிடுமாதலால் அவன் அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்பான். செக்ரோலில் அவளது பெயர், சம்பளம் அவனது கையில்! அந்தப் பணத்தில் எவ்வளவு வீட்டுக்கு வந்தது, எவ்வளவு கடைக்கணக்குக்கும் தவறணைக்கும் போனது என்பதை அவள் பின்னரே அறிவாள். இன்று வங்கிக் கணக்கு வந்திருக்கலாம். ஆனால் கணக்கு அட்டை யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்ற கேள்வியை வங்கி கேட்பதில்லை.

இதனைத் தோட்டத்து ஆணின் தனிப்பட்ட குணக்கேடு என்று கொள்வது பேதைமை. குடும்பம் முழுவதையும் ஒரே உழைப்புத் தொகுதியாகக் கொண்டு வந்து இறக்கியது தோட்ட முறை. அந்தத் தொகுதியின் தலைவனாக ஆணை வைத்து, அவனுக்கு மேலே கங்காணியையும், கங்காணிக்கு மேலே கணக்கப்பிள்ளையையும், எல்லோருக்கும் மேலே துரையையும் வைத்தது. மேலிருந்து கீழ்நோக்கி அதிகாரம் இறங்கி வந்து முடிவில் யார் தலையில் விழுந்ததென்று சொல்லவேண்டுவதில்லை. மலையிலே அடிமையாயிருந்தவனுக்கு லயத்துக் காம்பராவிலே ஒரு சிற்றரசு வழங்கப்பட்டது. அவனைப் பணியவைக்க முதலாளித்துவம் கொடுத்த மலிவான இலஞ்சம் அது.

இரண்டாவது கேள்வி, அவளது பகற்பொழுது யாருடையது என்பது. நாட்கூலி எனப் பெயர். உண்மையிலே அது நிறைக்கூலி. குறித்த நிறை பறிக்காதவளுக்கு அரைப்பேர். நாட்சம்பளம் 1,000 ரூபாவாகுமென 2021இல் சம்பள நிர்ணய சபை வாயிலாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையைத் தோட்டங்கள் உயர்த்திவிட்டன என்ற முறைப்பாடு மலையகமெங்கும் எழுந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. எண்கள் ஏறுகின்றன, தராசும் கூடவே ஏறுகிறது.

தராசின் முன் நிற்கும் இந்த உடலுக்கு மாதவிலக்கு உண்டு, கருப்பம் உண்டு, பாலூட்டும் மார்பு உண்டு. தேயிலை நிரைகளுக்கு நடுவே மலசலகூடம் இல்லை. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும்; ஒதுங்கினால் நேரம் போகும்; நேரம் போனால் நிறை குறையும். ஆதலால் தண்ணீர் குடியாதிருக்கப் பழகிக்கொள்கிறாள். அட்டைக்கடியும் குளிரும் மழையும் போதாவென்று, ஈரப் படங்கைச் சுற்றிய இடுப்புக்குக் கீழே நோயும் வலியும் குடிபுகுகின்றன. இவற்றை மருத்துவ நூல்கள் மகளிர் நோய் என்று வகுக்கும். நாம் அவற்றைத் தொழில் நோய் என்றே சொல்லவேண்டும். ஏனெனில் அவற்றின் காரணம் கருப்பையில் இல்லை, தராசில் இருக்கிறது.

இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்துப் பீட் மாவட்டத்தில் நடந்தது இதன் கொடிய எல்லையைக் காட்டும். அங்கே கரும்பு வெட்டச் செல்லும் கணவனும் மனைவியும் ஒரே அலகாகக் கணக்கிடப்படுகின்றனர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம். மாதவிலக்கும் வயிற்றுநோவும் தண்டத்தை வருவிக்குமாதலால், இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொள்ளும் வழக்கம் பரவிற்று. 2019இல் மாநில அரசின் விசாரணை 82,309 கரும்பு வெட்டும் பெண்களைக் கணக்கெடுத்தபோது, அவர்களில் 13,861 பேர் கருப்பை அகற்றப்பட்டவர்களாயிருந்தனர். இவர்கள் வருமானமற்ற பெண்களா? அல்லர். வருமானத்தைக் காப்பதற்காகவே உறுப்பை இழந்தவர்கள். பெண்ணுக்கு வேலை கொடுத்துவிட்டால் நலம் பிறக்குமென்று கூறுவோர் இந்த 13,861 பேருக்கு என்ன விடை கூறுவர்?

மூன்றாவது கேள்வியே எல்லாவற்றிலும் முக்கியமானது. பணத்தின் முன்னிலையில் அவளால் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிகிறதா? இலங்கை அரசு 1980 முதல் நிரந்தரக் கருத்தடை அறுவைக்கு உட்படுவோர்க்குப் பணம் வழங்கத் தொடங்கியது. அத்தொகை 500 ரூபா வரை உயர்ந்தது. அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு அது பல வார உழைப்பின் கூலிக்கு நிகர். நாட்டின் ஏனைய பகுதிகளில் தற்காலிகக் கருத்தடை முறைகள் பல வழங்கிய காலத்தில், தோட்டங்களில் பெண்ணுக்கான நிரந்தர அறுவையே முதன்மை முறையாக ஓங்கி நின்றதைத் தேசியக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் வெளியிட்ட கட்டுரை, முழுமையான விளக்கமும் சம்மதமும் இன்றியே அறுவைக்கு ஆளான தோட்டத்துப் பெண்களின் அனுபவங்களைப் பதிவு செய்தது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டை நாம் எதிர்க்கவில்லை. ஆறும் ஏழும் பெற்று உருக்குலைந்த தாய்மாரின் துன்பத்தை அறிந்த எவரும் கருத்தடையை வேண்டாமென்று கூறத் துணியார். வாக்குரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் தொகையைக் குறைப்பதற்கான சதி என்று மட்டும் இதனைப் பேசி, பெண்ணை மீண்டும் பிள்ளை பெறும் கடமைக்குத் தள்ளும் இனவாதக் குரலும் நமதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது உண்மை. அந்த வடு அறுவைக்கத்தியின்மீது ஐயத்தை வளர்த்ததும் உண்மை. ஆனால் தொகைக் கணக்கிற்காகப் பெறவைப்பதும், தொகைக் கணக்கிற்காக நிறுத்திவைப்பதும் அவளைப் பொறுத்தவரை ஒன்றே. எத்தனை பிள்ளை, எப்பொழுது, எந்த முறையில் என்று தீர்மானிக்கும் வாய் அவளுடையதாயிருத்தல் வேண்டும். பசித்தவளின் முன் நோட்டை நீட்டிவிட்டு அவளது தலையசைப்பைச் சம்மதமென்று எழுதிக்கொள்வது வாணிபம், மருத்துவமன்று.

சட்டமும் இதே வாணிபத்தை வேறு வழியில் நடத்தியது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பெண்ணுக்குக் கிடைத்த அரிய பேறு. ஆனால் பிற்காலத்தில் முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாள், மூன்றாவது பிள்ளை முதல் 42 நாள் என்று விடுமுறை வெட்டப்பட்டது. மூன்றாம் பிள்ளையைப் பெற்றவளின் புண் விரைவில் ஆறிவிடுமா? 2018ஆம் ஆண்டுத் திருத்தமே இந்த வேறுபாட்டை நீக்கி, எல்லாப் பேறுகளுக்கும் 84 நாளாக்கியது. ஒரு வரிச் சட்டத் திருத்தம், பல பயிற்சி வகுப்புகள் செய்யாத நன்மையைத் தாயின் உடலுக்குச் செய்யக்கூடியது என்பதற்கு இது தக்க உதாரணம்.

இக்காலத்தின் பேரருமருந்தாகப் போற்றப்படும் நுண்கடனையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். 2018இல் இலங்கைக்கு வந்து நிலைமையை ஆராய்ந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொகொஸ்லவ்ஸ்கி, கடன்பட்ட பெண்களிடம் தவணை வசூலிக்க வருவோர் சிலர் பாலியல் இணக்கத்தைக் கோரியதாகக் கிடைத்த முறைப்பாடுகளை எடுத்துரைத்தார். பெண்ணின் பாலியல் நலத்தைக் காக்குமென்று புகழப்பட்ட கருவியே அவளது பாலியல் பாதுகாப்பைப் பறிக்கும் பொறியாகவும் ஆகலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? கூலி போதாமையால் கடன், கடனை அடைக்க இன்னொரு கடன். முடிவில் வாசற்படியில் நிற்கும் வசூலிப்பவன். கூலியை உயர்த்தாமல் கடனை வழங்குவது, தொழிலாளியின் வறுமையை அவளது சொந்த முதலீட்டுத் தவறாக மாற்றிவிடும் தந்திரமாகும்.

இனி, நமது எழுத்தாளர்கள் இவ்விடயத்தில் என்ன செய்தார்கள் என்று நோக்குவது கடன். மலையக இலக்கியம் முற்போக்கு இயக்கத்தின் பெருமைக்குரிய பிள்ளை. பூண்டுலோயாவை அண்டிய மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, இம்மக்களின் துயரை ஆங்கிலக் கவிதையிலும் தமிழ் நாவலிலும் உலகறியச் செய்தார். அவர்களது வாய்மொழிப் பாடல்களையும் திரட்டித் தந்தார். அதற்கும் முன்னரே கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டந்தோறும் பாடிச் சென்று தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். இம்மரபை நாம் மறப்பதற்கில்லை.

1961இல் என். எஸ். எம். இராமையா எழுதிய ‘ஒரு கூடைக் கொழுந்து’ நமது விடயத்தின் நெஞ்சையே தொடுகிறது. கொழுந்து பறிப்பதில் வல்லவளான ஓர் இளம்பெண் கொண்டுவந்த நிறையைப் பிறர் நம்ப மறுக்கின்றனர். அவளது உழைப்பைப் பற்றிய ஐயம் அவளது ஒழுக்கத்தைப் பற்றிய ஐயமாகவும் நிழலாடுகிறது. அவள் தன் விரல்களாலேயே விடை கூறுகிறாள். கொழுந்து மடுவத்துத் தராசு கொழுந்தை மட்டும் நிறுப்பதில்லை, பெண்ணின் நடத்தையையும் நிறுக்கிறது என்ற உண்மையை இராமையா ஆரவாரமின்றிச் சொல்லிவிட்டார். அதிகம் சம்பாதிப்பவள் அதிகம் சந்தேகிக்கப்படுகிறாள்! வருமானமே வலிமையென்னும் சூத்திரத்தை இக்கதை அரைநூற்றாண்டுக்கு முன்பே கேள்விக்குள்ளாக்கிவிட்டதெனலாம்.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தபோது, தோட்ட வாழ்வை ஒரு பெண்ணின் வாழ்க்கையை அச்சாகக் கொண்டு சுழலவிட்ட நாவலைத் தமிழுலகம் பெற்றது. கடலுக்கு அப்பால், ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’, துரைமாரின் பாலியல் கொடுமையை மறைப்பின்றிக் காட்டியது. மருத்துவர் எழுதியதாதலால் நோயும் பேறுகாலமும் அதிற் பின்னணியாகி ஒதுங்காது கதையின் தசையாகவே நிற்கின்றன.

இச்சாதனைகளை ஏற்றுக்கொண்ட பின்னரே நமது குறையையும் கூறுதல் தகும். நமது கதைகளிற் பலவற்றில் பெண்ணின் உடல் இரண்டு வேளைகளில் மட்டுமே தோன்றுகிறது: துரையோ கங்காணியோ அதைக் கெடுக்கும்போது ஒருமுறை, அவள் தாயாகித் தியாகம் செய்யும்போது ஒருமுறை. இடைப்பட்ட நாட்களெல்லாம் எங்கே போயின? மாதவிலக்கு நாளில் மலையேறியவள், சொல்லாமற் கருக்கலைந்தவள், அறுவைக்குப் பின் ஆறாத வலியோடு கூடை சுமந்தவள், குடித்து வந்த கணவனை மறுக்க முடியாமற் சுவரோடு ஒண்டியவள் ஆகிய இவர்கள் யதார்த்தவாதத்தின் எல்லைக்குப் புறம்பானவர்களா? துரையின் பலாத்காரத்தை எழுதிய பேனா, கணவனின் பலாத்காரத்தை எழுதத் தயங்கியதேன்? வர்க்க ஒற்றுமை குலையுமென்ற அச்சமே காரணமாயிருக்கலாம். ஆனால் பாதி வர்க்கத்தின் மௌனத்தின்மேற் கட்டப்படும் ஒற்றுமை எத்துணை உறுதியுடையது?

தோழர்களிற் சிலர் இங்கே குறுக்கிடுவர். கூலிப் போராட்டம் தலையாயது. உடல், பாலியல் என்ற பேச்செல்லாம் மேனாட்டு நிதியில் இறக்குமதியாகி வர்க்க உணர்வைத் திசைதிருப்புவது என்பர். இறக்குமதித் திட்டங்களின் குறைபாட்டை இதுவரை நாமே எடுத்துக்காட்டினோம். ஆனால் தோட்டத்துப் பெண்ணின் உடலை அரசியலாக்கியவர்கள் மேனாட்டு நிதியாளர் அல்லர். 54 சதத்துக்கும் 43 சதத்துக்கும் இடையில் அதனை அரசியலாக்கியது தோட்ட நிர்வாகம். 84 நாளுக்கும் 42 நாளுக்கும் இடையில் அரசியலாக்கியது சட்டம். 500 ரூபா நோட்டுக்களால் அரசியலாக்கியது அரசு. எதிரி கண்டுகொண்ட இடத்தை நாம் காணாமற் போவது புரட்சிகரமாகுமா? சங்கத்துக்குச் சந்தா செலுத்துவோரில் பெரும்பான்மையோர் பெண்கள். பேச்சுவார்த்தை மேசையில் அமர்வோரோ பெரும்பாலும் ஆண்கள். மேசையில் மலசலகூடம் பேசப்படாததன் இரகசியம் இதுவே.

குடியிருப்பும் இதே கேள்வியின் மற்றொரு முகம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் மாமனும் மாமியும், மகனும் மருமகளும், வயதுக்கு வந்த பெண்ணும் கைக்குழந்தையும் படுத்துறங்கும் லயத்தில், மணவாழ்வின் அந்தரங்கம் என்பது என்ன? மறைவிடமற்ற வீட்டில் உடை மாற்றுவதும் மாதவிலக்குத் துணியை உலர்த்துவதும் கூட ஒரு போராட்டம். டன்சினன் தோட்டத்தில் இந்திய அரசின் உதவியோடு கட்டப்பட்ட 404 தனி வீடுகள் 2018இல் கையளிக்கப்பட்டன. லயத்திலிருந்து 7 பேர்ச் நிலத்துத் தனி வீட்டுக்குச் செல்லும் குடும்பத்துக்குக் கிடைப்பது கூரையும் சுவரும் மட்டுமன்று. கதவைத் தாழிடும் உரிமையும் கிடைக்கிறது. அது பெண்ணின் உடல்நலத்தின் ஓர் அங்கம். எனவே மலையகத்தில் காணியுரிமை பேசப்படும் போதெல்லாம், உறுதியில் யாருடைய பெயர் எழுதப்படுகிறதென்று கேட்பது அற்பமான கேள்வியன்று. வீடு தன் பெயரிலும் உள்ளவளை இரவில் வெளியே தள்ளிக் கதவடைப்பது அவ்வளவு எளிதன்று.

ஆகவே பொருளாதார வலிமை என்ற கருத்தை நாம் கைவிட வேண்டியதில்லை. அதன் பாதி உருவத்தை முழு உருவமாக்க வேண்டும். தையற் பயிற்சியும் காளான் வளர்ப்பும் யாருக்கேனும் பயன்படுமாயின் நடக்கட்டும். ஆனால் தோட்டத்துப் பெண்ணின் பொருளாதாரம் அவளது கூலி, அவளது பொழுது, அவளது வீடு ஆகிய மூன்றிலுமே முதற்கண் அடங்கியுள்ளது. நிறையைக் காட்டி வெட்டப்படாத கூலி அவளது கையிலேயே சேரவேண்டும். மலையிலே மலசலகூடமும், கருப்பிணிக்கு இலகுவான வேலையும், பால் கொடுக்கும் தாய்க்குச் சட்டம் தரும் இடைவேளையும் ஏட்டளவில் நில்லாது நிரையளவிற்கு இறங்க வேண்டும். பிள்ளைமடுவம் பிள்ளைகளைப் போட்டுவைக்கும் கொட்டகையாயிராது பராமரிக்கும் இல்லமாக வேண்டும். தமிழிற் பேசும் மருத்துவமாது லயத்தின் வாசலுக்கு வரவேண்டும். நுவரெலியாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ சென்று ஒரு நாட்கூலியை இழந்தாற்றான் தன் நோயைச் சொல்லலாம் என்ற நிலை ஒழியவேண்டும். கருத்தடை முறைகள் யாவும் கிட்டவேண்டும். அவற்றிற்கு விலையும் இருத்தலாகாது, வெகுமதியும் இருத்தலாகாது.

இவற்றோடு இந்நாடு கூசிக் கூசிப் பேசும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. பணமுள்ளவள் நகரத்துத் தனியார் அறையில் இரகசியமாய்த் தீர்த்துக்கொள்வாள். தோட்டத்துப் பெண் ஆபத்தான கைகளிற் சிக்குவாள். பொருளாதார ஏற்றத்தாழ்வு உடல்நலத்தில் எவ்வாறு உயிர்-மரண வேறுபாடாகிறது என்பதை இதைவிட அப்பட்டமாகக் காட்டும் சட்டம் வேறில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! இப்பணியில் உங்களுக்குரிய பங்கு சிறிதன்று. மலையகப் பாடசாலையில் உடற்கூற்றுப் பாடத்தின் சில பக்கங்களை ‘வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்’ என்று புரட்டிவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. எந்த வீட்டில்? எந்த வெளிச்சத்தில்? யாரிடம் கேட்டு? அந்தப் பக்கங்களை வகுப்பறையில் நின்று, நாணமும் நகைப்புமின்றிக் கற்பிக்கும் ஆசிரியர், ஒரு பெண்பிள்ளையின் வாழ்நாளுக்கே கவசம் அணிவிக்கிறார். ஆண்பிள்ளைக்கோ மனிதனாகும் வழியைக் காட்டுகிறார். அதே வகுப்பறையில் இராமையாவின் கதையையும் வைத்துப் படிப்பிக்கலாம். கூடையிலே எத்தனை இறாத்தல் இருந்ததென்று மட்டுமன்றி, அதை நிறுத்த கைக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள் என்றும் கேட்கச் செய்யலாம்.

கூலி உயரவேண்டும் என்று முழங்குவோம். அதில் ஒரு சதமும் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஆனால் உயர்ந்த கூலியைப் பெற்றவள் தன் வேலையையும் தன் வீட்டையும் தன் உடலையும் குறித்து ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று சொல்லவும், அச்சொல் மலையிலும் லயத்திலும் மருத்துவமனையிலும் செல்லுபடியாகவும் வேண்டும். அச்சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் எத்தனை ரூபா கொடுத்தாலும் அது கூலியாகவே இருக்கும். அச்சொல்லுக்கு மதிப்பு வரும் நாளிலேயே அது அவளது பொருளாதாரமாகும்.